ஏரி நடுவில் நிற்கும் மணிக்கோபுரம்: கிராவுன் பங்கின் கதை

மலைப்பாதை எழுதியது:

வாட்ஸப்பில் வருடத்துக்கு நாலு தடவையாவது அந்தப் படம் வந்துவிடுகிறது. பனிமலை பின்னணி, நீல ஏரி, ஏரிக்கு நடுவே தனியாக ஒரு பழைய கோயில் மணிக்கோபுரம். கீழே "தண்ணீருக்குள் இன்னும் மணியோசை கேட்கிறது" என்று நாலு வரி மர்மக் கதை. போன வாரம் நம் குழுவிலும் வந்தது, பார்த்தவர்கள் எல்லாரும் அதிசயம் என்றார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. அந்தக் கரையில் மூன்று முறை நின்றிருக்கிறேன். நான் வேலை பார்க்கும் இன்ஸ்ப்ரூக்கிலிருந்து லான்டெக் வழியாக ரெஷன் கணவாய் ஏறி இறங்கினால், எல்லையைத் தாண்டிய கொஞ்ச நேரத்தில் அந்தக் கோபுரம்தான் கண்ணில் படும். அது பேய்க்கதை இல்லை, ஒரு பங்கின் (ஒரு கோயிலைச் சேர்ந்த கத்தோலிக்கச் சமூகத்தின்) வரலாறு. அதை முடிந்தவரை முழுதாக எழுதலாம் என்று இந்த இழையைத் தொடங்குகிறேன்.

ஊரின் பெயர் கிராவுன். இத்தாலியர்கள் கூரோன் என்பார்கள். இத்தாலியின் வடகோடியில் தெற்கு டிரோலில், வின்ஷ்காவ் பள்ளத்தாக்கின் மேல்முனையில், ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஒரு பக்கம் ஆஸ்திரியா, இன்னொரு பக்கம் சுவிட்சர்லாந்து. இத்தாலியின் பெரிய ஆறுகளில் ஒன்றான ஆதிஜே (ஊர்க்காரர்களுக்கு எட்ஷ்) இங்கேதான் பிறக்கிறது. ரோமானியர் காலத்துப் பாதையான வியா கிளாவ்டியா அவுகுஸ்தா இந்தக் கணவாய் வழியாகத்தான் போனது. வழிப்போக்கர்கள் பனியில் செத்துப்போகாமல் இருக்க, பக்கத்து ஊரான சங்க்ட் வாலன்டினில் 1140ல் ஒரு சத்திரம் கட்டினார்கள். அந்த வட்டாரத்தில் கிறிஸ்தவம் எவ்வளவு பழையது என்பதற்கு இதுவே போதும்.

கிராவுன் கோயில் புனித கத்தரீனம்மாளுக்கு நேர்ந்தது. படத்தில் நாம் பார்க்கும் மணிக்கோபுரம் 14ஆம் நூற்றாண்டுக் கட்டுமானம். அந்தப் பள்ளத்தாக்கு பல நூற்றாண்டுகள் மலைக்கு அந்தப்புறம் இருந்த கூர் மறைமாவட்டத்தை (ஒரு பிஷப்பின் கீழ் வரும் பங்குகளின் தொகுதி) சேர்ந்திருந்தது. கூர் இன்று சுவிட்சர்லாந்தில் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் அதைப் பிரித்து வேறு மறைமாவட்டத்தோடு இணைத்தார்கள். கொஞ்சம் கீழே, மலைச்சரிவில் வெள்ளை வெளேரென்று மரியன்பெர்க் பெனடிக்டைன் மடம். நிலம், படிப்பு, பூசை எல்லாவற்றிலும் அந்த மடத்தின் நிழல் அந்த ஊர்கள் மேல் இருந்தது. எல்லைகள் மாறின, ராஜாக்கள் மாறினார்கள், மறைமாவட்டம்கூட மாறியது. ஊர்ச்சனங்களுக்கு மாறாமல் இருந்தது பங்கும் அந்த மணியும்தான்.

அணைக்கட்டு விஷயத்துக்கு அப்புறம் வருகிறேன். அதற்கு முந்தைய கதை தெரியாமல் அதைச் சொன்னால் பாதி புரியாது.

---

கல்வாழை எழுதியது:

அண்ணா, நல்ல தொடக்கம். ஒரு சந்தேகம். அவ்வளவு உயரத்தில் என்ன விளையும்? அந்தச் சனங்கள் எதை வைத்துப் பிழைத்தார்கள்?

---

மலைப்பாதை எழுதியது:

புல்லும் மாடும்தான் தம்பி. கோடையில் புல் அறுத்து உலர்த்திச் சேர்த்து வைத்தால்தான் குளிர்காலத்தில் மாட்டுக்குத் தீனி. பள்ளத்தாக்கின் தரையில் ஏரியை ஒட்டிய சமநிலம் இருக்கிறதே, அதுதான் ஊரின் உயிர். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

வின்ஷ்காவில் சொத்தைப் பிள்ளைகள் எல்லாருக்கும் பங்கு போட்டுக் கொடுக்கும் வழக்கம். டிரோலின் மற்றப் பகுதிகளில் பண்ணை உடையாமல் ஒருவருக்கே போகும். இங்கே தலைமுறைக்குத் தலைமுறை நிலம் துண்டுபட்டது, வறுமை கூடியது. அதன் விளைவுதான் "ஷ்வாபென்கின்டர்", அதாவது ஷ்வாபியா பிள்ளைகள். ஏழு எட்டு வயதுப் பிள்ளைகள்கூட உண்டு. மார்ச் மாதம், புனித சூசையப்பர் திருநாளை ஒட்டிப் புறப்பட்டு, பனி இன்னும் கரையாத கணவாய்களைக் கால்நடையாகக் கடந்து, தெற்கு ஜெர்மனியில் ராவன்ஸ்பூர்க் போன்ற ஊர்ச் சந்தைக்குப் போவார்கள். அங்கே பண்ணைக்காரர்கள் பார்த்துப் பேரம் பேசிக் கூட்டிப்போவார்கள். இலையுதிர் காலம் வரை மாடு மேய்ப்பு, வீட்டு வேலை. கூலி என்ன தெரியுமா? இரண்டு செட் புதுத்துணி, கையில் கொஞ்சம் காசு. அவ்வளவுதான்.

பல நேரங்களில் இந்தப் பிள்ளைகளைக் கூட்டிப்போனவர்கள் பங்குச்சாமியார்கள். 1884ல் ஆர்ல்பெர்க் ரயில் வந்தது. 1891ல் குருக்கள் முன்னின்று ஒரு சங்கம் அமைத்து, கூலி ஒப்பந்தம், பயணம் இவற்றையெல்லாம் ஓர் ஒழுங்குக்குக் கொண்டுவந்தார்கள். அதைத் தடுக்காமல் ஒழுங்குபடுத்தினார்களே என்று எனக்கு முதலில் கோபம் வந்தது. பிள்ளை வீட்டில் இருந்தால் சோறு இல்லை என்கிற இடத்தில் சாமியார் வேறு என்ன செய்திருக்க முடியும் என்றும் யோசிக்கிறேன். இன்னும் தெளிவாகவில்லை. 1921ல் அந்தப் பக்கம் வெளியூர்ப் பிள்ளைகளுக்கும் கட்டாயப் பள்ளி என்று வந்த பிறகுதான் இது ஓய்ந்தது.

---

ஆற்றுமணல் எழுதியது:

இதைப் படித்துவிட்டு ஐந்து நிமிஷம் எதுவும் தட்டச்சு செய்ய முடியவில்லை. என் பெரியப்பா பத்து வயதில் ஹோட்டல் வேலைக்குப் போனவர். "வேலைக்குப் போனால் ஒரு வாய் குறையும்" என்று வீட்டில் பேசிக்கொண்டது தன் காதில் விழுந்ததைச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். தொடருங்கள் சார்.

---

சிறுகுறிஞ்சி எழுதியது:

மலைப்பாதை அண்ணா, நான் கொஞ்சம் குறுக்கிடலாமா? ஐரோப்பாவின் சிறுபான்மை மொழிகள் பற்றிச் சில வருடங்களாகப் படித்துவருகிறேன், தெற்கு டிரோல் பற்றித்தான் அதிகம். அணை கட்டிய விதம் புரிய வேண்டுமானால் மொழி விஷயம் கட்டாயம் வேண்டும்.

முதல் உலகப்போர் வரை அது ஆஸ்திரியா. தோற்றார்கள், 1919 சங்க்ட் ஜெர்மேன் ஒப்பந்தத்தில் தெற்கு டிரோல் இத்தாலிக்குப் போனது. ஜெர்மன் பேசும் சனங்கள் ஒரே இரவில் வேறு நாட்டுப் பிரஜைகள். முசோலினி வந்ததும் நெருக்கடி முற்றியது. ஊர்ப் பெயர்களை இத்தாலியப் பெயர்களாக மாற்றினார்கள். 1923 முதல் பள்ளிக்கூடங்களில் வகுப்பு வகுப்பாக ஜெர்மனை எடுத்துவிட்டு இத்தாலியைப் புகுத்தினார்கள். 1927ல் புதிய கல்லறைகளில் ஜெர்மன் எழுத்து கூடாது என்றுகூட உத்தரவு. செத்தவர் பெயருக்குக் கீழே "இங்கே இளைப்பாறுகிறார்" என்று தாய்மொழியில் எழுதக் கூடாது! நம்மில் யாருக்கு இது பொறுக்கும்?

அப்போது மிஷாயெல் காம்பர் என்ற குருவானவர், ஆதிக் கிறிஸ்தவர்கள் நிலவறைகளுக்குள் ஒளிந்து வழிபட்டதுபோல நாமும் செய்ய வேண்டும் என்று 1924ல் பத்திரிகையில் எழுதினார். அப்படிப் பிறந்தவைதான் "கட்டகோம்பன்ஷூலன்", நிலவறைப் பள்ளிகள். வீட்டின் பின்கட்டு, மாட்டுக்கொட்டில் பரண், பங்கு வீடு என்று கிடைத்த இடத்தில் பிள்ளைகளுக்கு ஜெர்மன் எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். பெரும்பாலும் இளம்பெண்கள்தான் ஆசிரியர்கள். பிடிபட்டால் அபராதம், சிறை, ஊர்விலக்கு. அங்கெலா நிக்கோலெட்டி என்ற ஆசிரியை சிறையும் அலைக்கழிப்பும் பட்டு உடல் கெட்டு 1930ல் இறந்தார், வெறும் இருபத்தைந்து வயதில்.

பள்ளிக்கூடத்தில் மறைக்கல்வியையும் இத்தாலியில்தான் நடத்த வேண்டும் என்றபோது சாமியார்கள் அதைப் பங்குக்கு மாற்றினார்கள். ஞானோபதேச வகுப்புதான் தாய்மொழி வகுப்பு. பங்கு என்றால் அங்கே ஞாயிற்றுக்கிழமைப் பூசை மட்டும் இல்லை என்று சொல்லத்தான் இவ்வளவும்.

---

கருங்கல் எழுதியது:

எல்லாம் சரி. ஆனால் இந்த இழை திருச்சபையை ரொம்ப உயர்த்திப் போகிறது என்று எனக்குப் படுகிறது. நானும் கத்தோலிக்கன்தான், பீடச்சிறுவனாக இருந்தவன். அதனால்தான் கேட்கிறேன். 1929ல் இதே முசோலினியோடு லாத்தரன் உடன்பாட்டில், அதாவது வத்திக்கானுக்கும் இத்தாலிக்கும் இடையிலான ஒப்பந்தத்தில், கையெழுத்துப் போட்டது யார்? அந்த உடன்பாட்டில் பங்குத்தந்தை இத்தாலியக் குடிமகனாகவும் இத்தாலி பேசத் தெரிந்தவராகவும் இருக்க வேண்டும் என்று ஒரு பிரிவு இருக்கிறது. 1940ல் பிரிக்சன் ஆயர் (பிஷப்) கெய்ஸ்லரே ஹிட்லரின் ஜெர்மனிக்குப் போகிறேன் என்று விருப்பம் எழுதிக்கொடுத்தார். மேய்ப்பனே ஆட்டை விட்டுப் போகலாமா?

---

சிறுகுறிஞ்சி எழுதியது:

கருங்கல் தோழர், நீங்கள் சொன்ன இரண்டும் உண்மை. மறைக்க ஒன்றும் இல்லை. ஆனால் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். அதே பிரிவில், தேவைப்பட்டால் மக்களின் மொழி தெரிந்த உதவிக் குருவையும் கொடுக்க வேண்டும் என்று இருக்கிறது. அந்தச் சின்ன இடைவெளியில்தான் பல பங்குகள் மூச்சு விட்டன.

ஆயர் விஷயம் தெரியாதவர்களுக்காக: 1939ல் ஹிட்லரும் முசோலினியும் பேசி வைத்து அந்த மக்களிடம் ஒரு கேள்வி வைத்தார்கள். ஜெர்மனிக்குப் போகிறாயா, இல்லை இங்கேயே இத்தாலியனாக இருந்துவிடுகிறாயா? அந்த வருடக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். சுமார் 86 சதவீதம் பேர் போகிறோம் என்று எழுதினார்கள். போர் நடந்ததால் உண்மையில் போனவர்கள் சுமார் 75,000 பேர். ஆயர் போகிறேன் என்றார். குருக்களில் பெரும்பாலானோர் இருக்கிறோம் என்றார்கள், காம்பரும் அந்தப் பக்கம்தான். போகிறவனுக்குத் தங்குகிறவன் துரோகி, தங்குகிறவனுக்குப் போகிறவன் துரோகி. ஒரே பங்கில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் பேச்சுவார்த்தை இல்லாமல் போனார்கள். ஆயரை வைத்து மட்டும் பங்கை எடைபோடாதீர்கள். அதற்கு மேல் நீங்கள் கேட்பது நியாயமான கேள்விதான்.

---

மலைப்பாதை எழுதியது:

சிறுகுறிஞ்சிக்கு நன்றி. நான் எழுதியிருந்தால் இவ்வளவு தெளிவாக வந்திருக்காது. இப்போது அணைக்கு வருகிறேன். 1939 என்ற வருடத்தைக் கவனியுங்கள், அதே வருடம்.

அந்த இடத்தில் இயற்கையாகவே ஏரிகள் இருந்தன, ரெஷன் ஏரி, கிராவுன் ஏரி என்று. மின்சாரத்துக்காகத் தண்ணீர் மட்டத்தை 5 மீட்டர் உயர்த்தும் ஒரு திட்டம் 1920லிருந்தே பேச்சில் இருந்தது. 5 மீட்டர் என்றால் கொஞ்சம் புல்வெளி போகும், ஊர் பிழைக்கும். 1939ல் மொன்டெகாட்டினி என்ற இத்தாலியத் தொழில் குழுமம் கொண்டுவந்த புதுத் திட்டம் 22 மீட்டர். 5 எங்கே, 22 எங்கே! ஊரே முழுகும். அதன் அறிவிப்பை ஊராட்சிப் பலகையில் இத்தாலி மொழியில் ஒட்டினார்கள். போவதா இருப்பதா என்று வீட்டுக்கு வீடு சண்டை நடந்துகொண்டிருந்த சமயம், படிக்கத் தெரியாத மொழியில் ஒரு காகிதம். யார் ஆட்சேபம் எழுதுவார்கள்?

1940ல் வேலை தொடங்கியது, 1943ல் போரால் நின்றது. திட்டமும் முசோலினியோடு போய்விட்டது என்றுதான் ஊர் நினைத்தது. 1947ல் திரும்ப வந்தார்கள், இந்த முறை சுவிஸ் பணத்தோடு, 3 கோடி ஃபிராங்க். அதற்கு ஈடாக சுவிட்சர்லாந்துக்கு மின்சாரம்.

அப்போதுதான் பங்குத்தந்தை ஆல்ஃப்ரெட் ரீப்பர் முன்னால் வருகிறார். விவசாயிகளைக் கூட்டினார், மனு எழுதினார், குழுவைக் கூட்டிக்கொண்டு ரோமுக்குப் போனார். திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் (நம் பழைய ஜெபப் புத்தகங்களில் பத்திநாதர்) அவர்களை நேரில் பார்த்தார். மாட்டுக்குப் புல் அறுக்கிற கை, அந்த அரண்மனையில் தொப்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கும். பார்வை கிடைத்தது. அணை நிற்கவில்லை.

1949 கோடையில் முன்னறிவிப்பு இல்லாமல் மதகை மூடிச் சோதனைக்காகத் தண்ணீரை ஏற்றினார்கள். நிலத்தில் பயிர் நிற்கும்போதே தண்ணீர் வந்தது. அடுத்த வருடம் வீடுகளை ஒவ்வொன்றாக வெடிவைத்துத் தகர்த்தார்கள். கிராவுன் முழுதும், ரெஷன் ஊரில் பெரும்பகுதியும் சேர்த்து 163 வீடுகள், 523 ஹெக்டேர் நிலம். நான் முன்பு சொன்ன அந்தப் புல் நிலம்தான். நிலம் போனதால் மாட்டை விற்றார்கள், மாடு போனதால் பலர் ஊரையே விட்டார்கள். மிச்சம் இருந்தவர்கள் மேலே லாங்டாவ்பெர்ஸ் பள்ளத்தாக்கின் வாசலில் மரக் கொட்டகைகளில் முதல் குளிர்காலத்தைக் கழித்தார்கள்.

1950 ஜூலை 18ஆம் தேதி கோபுரத்திலிருந்து மணிகளை இறக்கினார்கள். ஒரு வாரத்துக்குள் கோயிலையும் வெடிவைத்துத் தகர்த்தார்கள். கோபுரத்தை மட்டும் பழங்காலச் சின்னம் என்று விட்டுவைத்தார்கள். குளிர்காலத்தில் தண்ணீருக்குள் மணி அடிக்கிறது என்று வாட்ஸப்பில் வருகிறதே, அந்தக் கோபுரத்தில் தண்ணீர் சூழ்ந்த நாள் முதல் மணியே இல்லை. கழற்றி எடுத்தபோது கீழே நின்று பார்த்தவர்களின் கண்ணீரைச் சொல்லாமல் மர்ம ஓசையைச் சொல்வது எனக்குப் பொறுக்கவில்லை. இந்த இழையே அதற்காகத்தான்.

---

பரிசல்துறை எழுதியது:

நான் இங்கே எப்போதும் படிப்பதோடு சரி, எழுதியதில்லை. இதற்கு எழுதாமல் இருக்க முடியவில்லை. எங்கள் பாட்டி வீட்டார் மேட்டூர் அணைக்காக ஊர் காலி செய்தவர்கள். 1934ல் அணை முடிந்தது. இன்றும் நீர்மட்டம் நன்றாக இறங்கினால் பண்ணவாடிப் பக்கம் பழைய கிறிஸ்தவக் கோயிலின் இரட்டைக் கோபுரம் வெளியே தெரியும், ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் தெரியும். செய்தியில் படம் போடுவார்கள், கூட்டம் கூட்டமாக வந்து செல்ஃபி எடுப்பார்கள். பாட்டி ஒரு தடவை என்னைக் கூட்டிப்போனார். எல்லாரும் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் மட்டும் வேறு பக்கம் பார்த்து, "அந்தத் திட்டுக்கு அங்கிட்டுதான் எங்க கிணறு" என்றார். நான் பார்த்தால் வெடித்த சேறு.

கிராவுனில் வாழ்ந்தவர்களுக்கும் ஒரு கிணறு இருந்திருக்கும் என்று தோன்றியது. அவ்வளவுதான் சொல்ல வந்தேன்.

---

மின்கம்பி எழுதியது:

பரிசல்துறை, உங்கள் பாட்டியின் வார்த்தை மனதில் நின்றுவிட்டது.

நான் மின்வாரியத்தில் வேலை செய்து ஓய்வுபெற்றவன். அணை வேண்டாம் என்று எளிதாகச் சொல்ல என்னால் முடியாது. போருக்குப் பிறகு இத்தாலிக்கு நிலக்கரி கிடையாது, தொழிற்சாலைக்கு மின்சாரம் வேண்டும், மலைநீர் ஒன்றுதான் கையில் இருந்தது. மேட்டூர் இல்லாவிட்டால் தஞ்சை டெல்டாவின் கதி என்ன என்றும் கேட்டுப் பாருங்கள். ஆனால் கேட்டுச் செய்வது வேறு, கேட்காமல் செய்வது வேறு. சுவிட்சர்லாந்திலேயே ரைன்வால்ட் என்ற பள்ளத்தாக்கில் ஷ்ப்லூகன் ஊரை முழுகடிக்கும் அணை ஒன்று திட்டத்தில் இருந்தது. ஊர்க்காரர்கள் முடியாது என்றார்கள், 1946ல் சுவிஸ் அரசு அதை ஏற்று அனுமதி மறுத்துவிட்டது. அடுத்த வருடமே சுவிஸ் பணம் ரெஷனுக்குப் போகிறது. தன் நாட்டு விவசாயியிடம் கேட்டார்கள். பக்கத்து நாட்டு விவசாயியிடம் கேட்கத் தேவைப்படவில்லை. ஒரு பொறியாளனாக எனக்கு இதுதான் உறுத்துகிறது.

---

கருங்கல் எழுதியது:

ரைன்வால்ட் கதை எனக்குப் புதிது, நன்றி ஐயா. ரீப்பர் சாமியார் பற்றியும் இப்போதுதான் படிக்கிறேன். நான் முன்பு எழுதியதில் மாற்றம் இல்லை, மேலிடம் இன்னும் செய்திருக்கலாம். ஆனால் அந்தப் பங்குத்தந்தையை அந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன். தோற்றாலும் ரோம் வரை போனார்.

---

கல்வாழை எழுதியது:

இப்போது அங்கே பங்கு இருக்கிறதா அண்ணா? இல்லை, சுற்றுலா மட்டும்தானா? டிசம்பரில் மியூனிக்கில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போகிறேன். போய்ப் பார்க்கலாமா?

---

மலைப்பாதை எழுதியது:

இருக்கிறது தம்பி. கரைக்கு மேலே புது கிராவுன் கட்டினார்கள், புதுக் கோயிலும் புனித கத்தரீனம்மாள் பேரில்தான். 1964ல் போல்சானோ-பிரிக்சன் மறைமாவட்டம் அமைந்தபோது இந்தப் பள்ளத்தாக்கும் அதற்குள் வந்தது. கிட்டத்தட்ட ஜெர்மன் பேசுகிறவர்கள் எல்லாரும் முதன்முறையாக ஒரே மறைமாவட்டத்தில். பூசை ஜெர்மனில் நடக்கிறது, யாரும் ஒளிய வேண்டியதில்லை. ஊராட்சியின் சின்னத்திலும் அந்தக் கோபுரம்தான். 2009ல் விரிசல்களை அடைத்துப் பழுதுபார்த்தார்கள்.

2021 வசந்தத்தில் அணை வேலைக்காக ஏரித் தண்ணீரை இறக்கினார்கள். சேற்றுக்கு மேலே சுவர் அடித்தளம், படிக்கட்டு, நிலவறை எல்லாம் தெரிந்தன. பரிசல்துறையின் பாட்டி மாதிரி யாராவது வயசானவர் அங்கே வந்து நின்றிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

டிசம்பரில் தாராளமாகப் போகலாம். மியூனிக்கிலிருந்து கார் இருந்தால் சுலபம், ரயிலில் லான்டெக் வரை வந்து பஸ் பிடிக்கலாம். டயர் குளிர்கால டயராக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள், கணவாயில் பனி அதிகம். நன்றாக உறைந்த பிறகு பனிக்கட்டி மேலேயே நடந்து கோபுரத்தைத் தொடலாம், ஆனால் டிசம்பரில் அவ்வளவு உறைந்திருக்காது, இறங்கிவிடாதீர்கள். கோபுரத்தைக் கரையிலிருந்து பார்த்துவிட்டு அப்படியே திரும்பாமல், சாலையைக் கடந்து மேலே புதுக் கோயிலுக்கும் போய்வாருங்கள். ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் பூசைக்கே போகலாம். அங்கே மணி அடிக்கும்.